ஞாயிற்றுக்கிழமை கணக்கில் சேராது

அடுத்தவர்களுடைய லீவை எண்ணுவதுதான் என் உத்தியோகம். திருச்சி ஜங்ஷன் பக்கத்தில், ரயில்வே ஆபீஸில் லீவ் செக்‌ஷன் கிளார்க். காஷுவல் லீவ் எடுத்தால் நடுவில் வரும் ஞாயிற்றுக்கிழமை கணக்கில் சேராது. நீண்ட விடுப்பு என்றால் ஞாயிறும் சேரும். இந்த இரண்டு வரி புரியாமல் என் மேஜைக்கு முன்னால் நின்று சண்டை போட்டவர்கள் எத்தனையோ பேர். எனக்கு முன்கோபம் உண்டு. விதிப்புத்தகத்தைத் தூக்கி அவர்கள் பக்கம் தள்ளி, படிச்சுப் பாருங்க என்பேன். விதி தெரிந்தவன் என்ற திமிர் எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது.

சாயங்காலம் ஐந்தரைக்கு அந்தத் திமிரை டிராயரில் வைத்துப் பூட்டிவிட்டு, சைக்கிளில் பொன்மலை இன்ஸ்டிட்யூட்டுக்குப் போவேன். ரயில்வேக்காரர்களின் கிளப் அது. அங்கே ஒரு பில்லியர்ட்ஸ் மேஜை இருந்தது. பச்சை விரிப்பு, ஆறு குழி, மூன்று பந்து. நம் பந்தைக் கோலால் தட்ட வேண்டும். அது இன்னொரு பந்தில் பட்டுத் தானாகக் குழியில் போய் விழ வேண்டும். சொல்ல எளிது. அந்த ஒரு தட்டு சரியாக வர எனக்கு நான்கு வருஷம் ஆயிற்று. வந்த பிறகு என்னால் அதை விட முடியவில்லை. எழுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் கோட்டத்து அணியில் எனக்கும் ஓர் இடம் கிடைத்தது.

எங்கள் வீடு பாலக்கரையில், கோயில் மணி கேட்கும் தூரத்தில். நானும் அம்மாவும் மனைவியும். ஏழரைக்கு வீட்டில் செபமாலை. பத்துப் பத்து மணியாக ஐந்து சுற்று; அந்த ஐந்து பத்துமணிகளில் கடைசிப் பத்துமணிக்குத்தான் நான் வந்து முழங்கால் போடுவேன். அம்மா செபத்தை நிறுத்தாமலே என்னை ஒரு பார்வை பார்ப்பாள். மனைவி பார்க்க மாட்டாள். அவள் குரல் மட்டும் கொஞ்சம் உரக்கும், அவ்வளவுதான். சாப்பிடும்போது, “இன்னைக்கு எத்தனை பாயிண்ட்டுங்க?” என்று கேட்பாள். ஆட்டத்தைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. நான் சந்தோஷமாக இருக்கிறேனா என்று தெரிந்துகொள்ள அந்த எண் அவளுக்குப் போதும்.

கல்யாணமாகி ஐந்து வருஷத்தில் இரண்டு கரு தங்கவில்லை. மூன்றாவது தங்கியது. ஐந்தாம் மாதத்திலேயே டாக்டரம்மா அவள் படுக்கையை விட்டு அதிகம் எழுந்திருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். பாஸ்கா, அதாவது ஈஸ்டர், கழிந்து இரண்டு வாரத்தில் பிரசவம் இருக்கும் என்றார்கள். சாம்பல் புதன் அன்று நெற்றியில் சாம்பலோடு வீட்டுக்கு வந்து, அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று பொருத்தனை செய்தேன். தவக்காலம் முடியும்வரை கோலைத் தொடுவதில்லை, பிள்ளை நல்லபடியாகப் பிறக்க வேண்டும். யாரும் என்னைக் கேட்கவில்லை, நானாகத்தான் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். தவக்காலத்தில் எல்லோரையும்போல் இறைச்சியை விடுவது எனக்குப் பெரிய காரியமில்லை என்பதும், நான் விட்டது எதை என்பதும் அவளுக்குத் தெரியும்.

முதல் மூன்று வாரம் சாயங்காலங்களில் வீட்டில் இருந்தேன். செபமாலையின் முதல் பத்துமணி எப்படி இருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது. கையும் காலும் சும்மா இருக்க மறுத்தன. துணி உலர்த்தும் மூங்கில் கழியை எடுத்து, யாரும் பார்க்காதபோது விரல் இடுக்கில் வைத்து முன்னும் பின்னும் இழுத்துப் பார்ப்பேன்.

அந்தச் சமயத்தில்தான் எனக்கு ஹூப்ளிக்கு மாற்றல் வரப்போகிறது என்று தெரிந்தது. பட்டியல் எங்கள் அறை வழியாகத்தானே போகும், என் பெயரை நானே படித்தேன். கோட்டத்து அணியில் ஆடுகிறவர்களை அந்த வருஷம் மாற்றுவதில்லை என்று ஒரு வழக்கம் இருந்தது. ஆனால் ஆடினால்தான் அணி. கோட்டங்களுக்கு இடையிலான போட்டி பொன்மலையிலேயே, தவக்காலத்தின் நாலாவது ஞாயிற்றுக்கிழமை வைத்திருந்தார்கள். படுக்கையில் இருக்கிறவளை விட்டுவிட்டு நான் எப்படி ஹூப்ளிக்குப் போவது? அவளுக்காகத்தான் ஆட வேண்டும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அது பொய்யில்லை. ஆனால் முழு உண்மையும் இல்லை. அந்த மேஜைக்காக என் கை ஏங்கிக்கொண்டிருந்தது.

அப்புறம் லீவ் கிளார்க்கின் மூளை வேலை செய்தது. தவக்காலம் நாற்பது நாள் என்கிறோம். சாம்பல் புதனிலிருந்து பாஸ்கா வரை எண்ணிப் பார்த்தால் நாற்பத்தாறு வரும். அந்த ஆறு நாளும் ஞாயிறுகள். ஞாயிறு ஆண்டவர் உயிர்த்த நாள்; அன்றைக்கு ஒருசந்தி உபவாசம் கிடையாது; எங்கள் தெருவில் தவக்கால ஞாயிறன்று கறி சமைக்கிற வீடுகளே உண்டு. ஆகவே ஞாயிற்றுக்கிழமை என் பொருத்தனையில் சேராது. விதி என் பக்கம் இருந்தது. சாமியாரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் என்ன சொல்வாரோ என்று பயந்துதான் கேட்கவில்லை.

அணியில் என்னோடு ஆடியவர் ஸ்ரீரங்கத்துக்காரர், எங்கள் ஆபீஸிலேயே வேறு செக்‌ஷன். நெற்றியில் திருமண் இல்லாமல் அவரைப் பார்த்ததில்லை. ஏகாதசி அன்று ஆட்டம் வந்தால் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் மூன்று மணி நேரம் நின்று ஆடிவிட்டு, பஸ் ஏறிப் போவார். அவரிடம் என் கண்டுபிடிப்பைப் பெருமையாகச் சொன்னேன். அவர் கோலின் நுனியில் நீலச் சாக்பீஸைத் தேய்த்துக்கொண்டே, “ஏன் ஓய், ஏகாதசி ஞாயித்துக்கிழமை வந்தா அன்னிக்கு எனக்கு சாதம் உண்டோ?” என்று கேட்டார். நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். உங்க பெருமாள் கண்டிப்பான ஆபீஸர் என்று நான் பதில் சொன்னதாக ஞாபகம்.

அந்த ஞாயிறு காலைப் பூசைக்குப் போய்விட்டு வந்தேன். ஆபீஸில் கொஞ்சம் ஃபைல் வேலை பாக்கி இருக்கிறது, சாயங்காலம் வந்துவிடுகிறேன் என்று மனைவியிடம் சொன்னேன். விதி என் பக்கம் இருந்தால் பொய் எதற்கு என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. போயிட்டு வாங்க, வெயில்ல பார்த்துப் போங்க என்றாள்.

அன்றைக்கு ஆடியதுபோல் நான் முன்னும் ஆடியதில்லை, பின்னும் ஆடியதில்லை. சொல்லவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை. மூன்று வாரம் தொடாத கை. முதல் தட்டிலேயே பந்து நான் நினைத்த குழிக்கு நான் நினைத்த வேகத்தில் போய் விழுந்தது. பிறகு எல்லாம் அப்படியே. சுற்றி நின்றவர்கள் மேஜையை நெருங்கி வந்தார்கள். ஆண்டவர் சம்மதித்துவிட்டார் என்றே நினைத்தேன். சம்மதிக்காவிட்டால் கையை இப்படி ஓட விடுவாரா?

ஜெயித்தோம். கோப்பையோடு போட்டோவுக்கு நிற்கச் சொன்னார்கள். நின்று கொண்டிருக்கும்போது பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் வந்து நின்றார். தையல்காரர், எங்களைவிட மூத்தவர். சட்டை முழுக்க நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது, மூச்சு வாங்கியது.

“சார், உடனே வாங்க. உங்க சம்சாரத்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்காங்க. பன்னெண்டு மணியிலேர்ந்து உங்களத் தேடறேன்.”

அப்போது மணி நாலு. முதலில் என் ஆபீஸுக்குப் போயிருக்கிறார்; பூட்டியிருந்தது. பிறகு கோயிலில் தேடியிருக்கிறார். ஒருவேளை சிநேகிதர் வீட்டுக்குப் போயிருப்பேனோ என்று, பங்குனி வெயிலில் காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கம் வரை சைக்கிள் மிதித்திருக்கிறார். அந்த வீட்டு மாமிதான், ரெண்டு பேரும் பொன்மலையில மேட்ச் ஆடறாளே, தெரியாதா என்று கேட்டிருக்கிறார். அங்கிருந்து திரும்பவும் இவ்வளவு தூரம். யாரோ என்னை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் விட்டார்கள்.

ஆபரேஷனுக்கு வீட்டுக்காரர் கையெழுத்து வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். அந்தக் காலத்தில் அதுதான் நடைமுறை. அம்மா, எம் புள்ள இப்ப வந்துடுவான், இப்ப வந்துடுவான் என்று காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாளாம். ஒரு மணி நேரத்துக்குமேல் பொறுத்து, வேறு வழியில்லாமல் தானே கையெழுத்துப் போட்டாள். பையன். அரை மணி நேரம் உயிரோடு இருந்தான். சீக்கிரம் எடுத்திருந்தால் பிழைத்திருப்பானா என்று டாக்டரம்மாவிடம் பிறகு கேட்டேன். சொல்ல முடியாது என்றார். அதற்கு மேல் அவர் என்ன சொல்வார்?

பிள்ளை நிற்காது என்று தெரிந்ததும் நர்ஸ் ஒருவர் தலையில் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்திருக்கிறார். என்ன பேர் வைக்க என்று அம்மாவைக் கேட்டாராம். பேருக்கு யாரும் தயாராக இல்லை. மத்தியானம் முழுக்க அம்மா வாயில் இருந்தது என் பேர்தான். வாசலில் ஓடும் காலடி கேட்கும்போதெல்லாம் அதைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். கேட்டதும் அதுவே வந்துவிட்டது.

நான் போய் நின்றபோது மனைவிக்கு அரை மயக்கம். என் இடது கையைப் பிடித்துக்கொண்டாள். கட்டைவிரல் இடுக்கில் நீலச் சாக்பீஸ் தூள் அப்பியிருந்தது. அவள் அதைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு போர்வை நுனியால் மெதுவாகத் துடைத்தாள். ஒன்றும் கேட்கவில்லை. அன்றும் கேட்கவில்லை, அதற்குப் பிறகும் கேட்கவில்லை.

மறுநாள் அடக்கம். என் பேர் எழுதிய சின்ன மரச்சிலுவையை நானே மண்ணில் ஊன்றினேன்.

பெரிய வியாழனுக்கு முன்னால் பாவசங்கீர்த்தனம் செய்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். சாமியார் மூன்று பரலோக மந்திரம், மூன்று அருள் நிறைந்த மந்திரம் சொல்லச் சொன்னார். எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவுதானா? முழங்காலில் மலைக்கோட்டையைச் சுற்றி வரச் சொல்லியிருந்தாலும் போயிருப்பேன். ஐந்து நிமிஷத்தில் அபராதத்தை முடித்துவிட்டு என்ன செய்வது என்று தெரியாமல் கோயிலிலேயே உட்கார்ந்திருந்தேன்.

மாற்றல் வரவில்லை. ஜெயித்த அணியை யாரும் கலைக்கவில்லை. ஆட்டத்தை விட்டால் ஹூப்ளி, விடாவிட்டால் திருச்சி. அவளை அவள் பிள்ளையின் கல்லறையிலிருந்து தூரமாகக் கூட்டிப் போக எனக்குத் தைரியம் இல்லை. அதனால் இன்னும் ஆறு வருஷம் அணியில் ஆடினேன். பிடித்து ஆடியது போய், பிழைப்புக்கு ஆடினேன். ஞாயிறு ஆட்டங்களுக்கு மட்டும் என்னைக் கூப்பிடாதீர்கள் என்று சொல்லிவிட்டேன். ஸ்ரீரங்கத்து நண்பர் ஏன் என்று கேட்கவில்லை. என் ஞாயிறு ஆட்டங்களையும் சேர்த்து அவரே ஆடினார். எத்தனை பாயிண்ட்டுங்க என்று வீட்டிலும் யாரும் கேட்கவில்லை. எங்களுக்கு வேறு பிள்ளை பிறக்கவில்லை.

அம்மா போன பிறகு, எண்பதுகளின் நடுவில் ஒரு கல்லறைத் திருநாள். காலையிலேயே நாங்கள் இரண்டு பேரும் போய் மண்ணைக் கொத்திச் சமன் செய்து, செவ்வந்திப் பூ வைத்தோம். மரச்சிலுவை இற்றுப்போய்விட்டதால் கல் வைத்திருந்தோம். அதிலும் என் பேர்தான். அவள் மெழுகுவர்த்தியைப் பற்ற வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல், ரொம்ப நாளாக ஒன்று சொல்ல வேண்டும் என்றாள். கடைசியில் கேட்கப்போகிறாள் என்று நினைத்தேன். பத்து வருஷமாக அதற்குத்தான் காத்திருந்தேன்.

“அன்னைக்கு டெய்லர் அண்ணன், மொதல்ல பொன்மலை இன்ஸ்டிட்யூட்டுல போய்ப் பாத்துட்டு வரேன்னுதாங்க கெளம்புனாரு. கிட்டதானே இருக்குன்னு. நான்தான் தடுத்தேன். தவக்காலம்ணே, அவரு பொருத்தனை பண்ணியிருக்காரு, அங்க மட்டும் இருக்கவே மாட்டாரு, வீணா அலையாதீங்க, ஆபீசுக்குப் போங்கன்னு சொன்னேன்.” மெழுகுவர்த்தியைக் காற்று படாமல் கையால் மறைத்தாள். “என்னாலதாங்க லேட்டாச்சு. அத யார்கிட்டயும் சொல்ல முடியல.”

பொன்மலை எங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் கால் மணி. பன்னிரண்டேகாலுக்கு அவர் என் முன்னால் வந்து நின்றிருப்பார். பத்து வருஷமாக இதை அவள் தன்னுடைய பாவமாக வைத்துக்கொண்டிருந்தாள்.

நான் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டேன். தப்பு என்னுடையது, முழுக்க என்னுடையது, உன் மேல் ஒன்றுமே இல்லை என்று அவளிடம் சொன்னேன். ஃபைல் வேலை என்று சொன்ன பொய்யையும், ஞாயிற்றுக்கிழமையைக் கழித்துவிட்டுப் போட்ட கணக்கையும் முதல்முறையாக என் வாயாலேயே சொன்னேன். அவள் தலையசைத்துக் கேட்டுக்கொண்டாள். நான் சொன்னதை நம்பினாளா என்று எனக்குத் தெரியவில்லை.