லிஃப்டில் ஏறி லிஃப்டிலேயே இறங்கியவள்

கையெழுத்துப் போடச் சொன்னால் வதனி யோசிக்கவே மாட்டாள். திருகோணமலையிலிருந்து மொன்றியலுக்கு வந்த பதின்மூன்று வருஷத்தில் பிரெஞ்சில் எத்தனை படிவங்கள்! எல்லாவற்றையும் வாசித்துக்கொண்டிருந்தால் வீட்டில் உலை வைப்பது யார்? மகள் சிவாஜினி பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவந்த தாளிலும் கோடு கண்ட இடமெல்லாம் போட்டுக் கொடுத்தாள். பிள்ளையைப் பனிச்சறுக்குக்கு அனுப்பச் சம்மதம் என்று ஒரு கோடு. கூடவே வந்து உதவி செய்யவும் சம்மதம் என்று இன்னொரு கோடு.

இரண்டாவது கோட்டின் விஷயம் பயணத்துக்கு முதல்நாள் பின்னேரம்தான் வெளியே வந்தது.

"எனக்கு நைட் ஷிஃப்ட் பிள்ளை. விடிய ஆறரைக்குத்தான் விடுவாங்கள்."

"நீங்கள் வாறீங்கள் எண்டு எல்லாருக்கும் சொல்லிப்போட்டன்," என்றாள் சிவாஜினி. பன்னிரண்டு வயது. "நான் நீந்தினதுக்கும் வரேல்லை, பாடினதுக்கும் வரேல்லை. இதுக்காவது வந்து நான் ஸ்கீ ஓடுறதைப் பாருங்கோவன்."

வதனி இரவு முழுக்க சென்ட் லோரன்ட் தொழிற்சாலையில் நின்றபடி மாத்திரைப் பெட்டி அடுக்கிவிட்டு, வீங்கிய காலோடு, 2005 மார்ச் மாதத்துக் குளிரில் நேரே பள்ளிக்கூட பஸ்ஸில் ஏறினாள்.

ஒன்றரை மணி நேரம் வடக்கே போனார்கள். மலை என்று சொன்னதற்கு அது பெரிய மேடு, அவ்வளவுதான். துருப்பிடித்த ஒரே ஒரு லிஃப்ட். கம்பியில் வரிசையாக நாற்காலிகள் தொங்கின. கன்ரீன் கூரை ஒழுகியது, கீழே பெயின்ற் வாளி வைத்திருந்தார்கள். வருகிற குளிர்காலம் திறக்கவே மாட்டார்களாம். சறுக்கும் பாதை மரங்களுக்குப் பின்னால் வளைந்து போனதால் ஜன்னலில் ஒன்றும் தெரியவில்லை. வதனி ஹீற்றருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரே ஒரு நிமிஷம் மேசையில் தலையைச் சாய்த்தாள்.

"அம்மா!"

திடுக்கிட்டு நிமிர்ந்தால் எதிரே ஹெல்மெட்டும், பதினாலாம் இலக்கம் குத்திய பச்சை மேற்சட்டையுமாகச் சிவாஜினி.

"பாத்தனான், பாத்தனான். வடிவா ஓடினாய் பிள்ளை."

"நான் இன்னும் ஓடவேயில்லை. லிஃப்ட் பழுதாப்போய் இவ்வளவு நேரமும் கீழதான் நிண்டனாங்கள்."

கத்தியிருந்தாலும் பரவாயில்லை. அம்மா சாப்பிட நீட்டிய ரோல்ஸ் பார்சலைத் தொடாமல் வெளியே போய்விட்டாள். வதனிக்கு முகம் செத்துப்போயிற்று. பெற்ற பிள்ளையிடமே இப்படி அகப்படுவதா!

லிஃப்ட் திருத்தி முடியப் பிற்பகல் இரண்டு மணியாயிற்று. பஸ் புறப்படுமுன் ஒரே ஒரு ஓட்டம்தான் என்றார் ஆசிரியை. சிவாஜினி ஏறிப் போய்விட்டாள். வதனி பனியில் சறுக்கிச் சறுக்கி நடந்து, லிஃப்டை ஓட்டும் கிழவர் பேனாட்டிடம் போனாள். தனக்குத் தெரிந்த நாலு பிரெஞ்சுச் சொல்லில் கேட்டாள்: இதிலேயே ஏறிப் போய் இதிலேயே இறங்கி வரலாமா? பஸ் போய்த் திரும்பி வருவதில்லையா, அதுபோல. அவர் சிரித்தார். யாரும் அப்படிச் செய்வதில்லை, மேலே போனால் சறுக்கித்தான் இறங்குவார்கள் என்றார். வதனி மலையைக் காட்டி, "என் மகள்" என்றாள். கிழவர் அவளுடைய சிவந்த கண்களைப் பார்த்தார். பிறகு நாற்காலியை நிறுத்தினார்.

அந்தரத்தில் தொங்கும்போதும் நித்திரை வந்ததே, பாழாய்ப்போன நித்திரை! கையுறையைக் கழற்றி இரும்புக் கம்பியை வெறுங்கையால் பிடித்தாள். குளிர் உள்ளங்கையைக் கடித்தது. நல்லது, கடிக்கட்டும். நாற்காலி உச்சியில் சுற்றித் திரும்பியபோது, பச்சை மேற்சட்டையில் பதினாலாம் இலக்கத்தோடு ஓர் உருவம் தன் முறை வந்து நேர் கீழே புறப்பட்டது. வதனி கண்ணைச் சிமிட்டவும் பயந்தாள்.

கீழே சிவாஜினி சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"மூண்டு தரம் விழுந்தாய்," என்றாள் வதனி.

மகள் நிமிர்ந்தாள்.

"ரெண்டாம் தரம் ஒரு ஸ்கீ கழண்டு கீழ போச்சு. இருந்தபடியே அரைஞ்சு அரைஞ்சு போய் எடுத்தாய். மூண்டாம் தரம் ஒருத்தரும் பாக்கேல்லை எண்டு நினைச்சு மூக்கைக் கையுறையில துடைச்சாய்."

"ஐயோ அம்மா! எங்க நிண்டு பாத்தனீங்கள்?"

"உன்ரை தலைக்கு மேல. கடைசி வளைவில விழாமல் வந்தாய், நான் கத்தினனான்."

"அது நீங்களோ!" சிவாஜினியின் முகமெல்லாம் சிவந்துவிட்டது. வெட்கமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

பஸ் நகருமுன்னே வதனி வாயைத் திறந்தபடி தூங்கிப்போனாள். முன் சீற்றுப் பெட்டை ஒருத்தி திரும்பிப் பார்த்துக் களுக்கென்று சிரித்தாள். "அம்மா இரவு வேலை முடிஞ்சு வந்தவ," என்று பிரெஞ்சில் அதட்டினாள் சிவாஜினி. எவ்வளவோ கதைக்க இருந்தது அவளுக்கு. அம்மாவின் மடியிலிருந்த ரோல்ஸ் பார்சலை மெதுவாக எடுத்து, தாள் சரசரக்காமல் பிரித்தாள்.