பஞ்ச் வைக்க வேண்டிய விரல்

ஆம்புலன்ஸில் முதலுதவியாளராகப் பதினான்கு வருடம் ஆகிறது. ஒவ்வொரு அழைப்புக்கும் என் சொந்த டைரியில் நான்கு வரி எழுதுவேன். அழைப்பு வந்த நேரம், போய்ச் சேர்ந்த நேரம், ஆஸ்பத்திரியில் ஒப்படைத்த நேரம். நான்காவது வரியில், வழியில் யாராவது சிரிக்கும்படி ஏதாவது சொல்லியிருந்தால் அது. இந்த நான்காவது வரி எங்கள் டிரைவருக்காக. வண்டியிலிருந்து ரத்தத்தைக் கழுவும்போது ஏதாவது சொல்லிச் சிரிக்காவிட்டால் அன்று அவருக்குச் சோறு இறங்காது. வெளியாட்கள் கேட்டால் முகம் சுளிப்பார்கள். எங்களுக்கு அது பினாயில் மாதிரி. இல்லாமல் வண்டியைச் சுத்தம் செய்ய முடியாது.

கும்மிடிப்பூண்டிப் பக்கத்துக் கம்பெனிகளில் முதலுதவி வகுப்பு எடுக்க எங்களைக் கூப்பிடுவார்கள். எப்போதும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான். நான் பேச ஆரம்பித்துப் பத்து நிமிடத்தில் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். ஒரு நாள் டிரைவர் மைக்கை வாங்கி என் டைரியிலிருந்து இரண்டு சம்பவங்களை நடித்துக் காட்டினார். ஒருவரும் தூங்கவில்லை. அதன்பின் நான் கட்டுப் போட்டுக் காட்டுவதும் அவர் சிரிக்கவைப்பதுமாக வகுப்பு இரண்டு பங்காயிற்று.

அவருடைய கடைசி ஐட்டம் எப்போதும் விரல்தான். பிரஸ் மெஷினில் ஆள்காட்டி விரல் துண்டான ஒருவரைச் சென்னைக்குக் கொண்டுபோனோம். துண்டான விரல் ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் கவருக்குள், ஐஸ் மேல் இருந்தது. புதுவாயல் தாண்டும்போது அடிபட்டவர் என்னிடம், “சார், வண்டிய ஒருவாட்டி கம்பெனிக்கு வுடுங்க. அவுட் பஞ்ச் வைக்கணும். அட்டெண்டன்ஸ் மெஷின்ல அந்த வெரலத்தான் பதிஞ்சு வச்சிகீறேன்” என்றார். டிரைவர் இதை நடிக்கும்போது பயந்துபோன ஒருவன் உளறுகிற குரலில் சொல்வார். அரங்கம் அதிரும்.

போன வருடம் தேர்வாய் கண்டிகையில் ஒரு கம்பெனியில் வகுப்பு. என் பங்கை முடித்து ஓரமாக நின்றேன். மூன்றாவது வரிசையில் அவர் உட்கார்ந்திருந்தார். வலது கையில் ஆள்காட்டி விரல் இல்லை. விரலை ஒட்டவைக்க முடியவில்லை என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஆஸ்பத்திரியில் ஒப்படைத்ததோடு எங்களுக்கு ஒருவர் முடிந்துபோகிறார். அவர் பிழைத்து, வேறு வேலை தேடிக்கொண்டு, ஒரு நாள் எங்கள் எதிரிலேயே நாற்காலி போட்டு உட்காருவார் என்று நாங்கள் இருவரும் ஒரு தடவைகூட யோசிக்கவில்லை.

டிரைவர் பாம்புக்கடிக் கதையில் இருந்தார். அடுத்தது விரல். நான் குனிந்து மூன்றாவது வரிசைக்குப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, நான் யாரென்று சொன்னேன். தெரியும் சார், உள்ளே வரும்போதே பார்த்தேன் என்றார். உங்கள் கதை வரப்போகிறது, நிறுத்தச் சொல்கிறேன் என்றேன். இந்தக் கம்பெனிக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகிறது, விரல் எப்படிப் போனது என்று இங்கே யாரிடமும் சொல்லவில்லை என்றார். நான் எழுந்தேன். அவர் சட்டையைப் பிடித்து உட்காரவைத்தார். “சொல்லட்டும். எப்டி சொல்றார்னு பாப்போம்.”

டிரைவர் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். பக்கத்து நாற்காலிக்காரர் சிரித்துக்கொண்டே திரும்பி, இவர் கையைப் பார்த்து, வாயை மூடிக்கொண்டார். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

“தப்பா சொல்றாரு சார்” என்றார் அவர். “பயத்துல ஒளர்னா மாதிரி சொல்றாரு. நான் பயத்துல சொல்லல. கட்டு போடறப்போ உங்க கை நடுங்கிக்கினு இருந்துச்சு. இன்னாடா இது, வெரலு போனவன் நானு, இவரு நடுங்குறாரேன்னு பேஜாரா பூட்ச்சு. அதான் தமாசுக்கு ஒண்ணு சொன்னேன். நீங்க சிரிச்சீங்க. அப்பால நடுக்கம் நின்னுச்சு.”

உங்கள் பேரைச் சொல்லாமல் இதை மைக்கில் சொல்லலாமா என்று கேட்டேன். நானே சொல்கிறேன் என்று அவர் எழுந்து முன்னால் போனார். டிரைவர் அவரை அடையாளம் கண்டதும் மைக்கைக் கொடுத்துவிட்டுத் தலைகுனிந்து நின்றார். அவர் சொல்லி முடித்தபோது கூட்டம் சிரித்தது, இந்தத் தடவை என்னைப் பார்த்து. பக்கத்து நாற்காலிக்காரர்தான் முதலில் கைதட்டினார்.

மறுநாள் பழைய டைரியை எடுத்துப் பார்த்தேன். அழைப்பு 2.10, சேர்ந்தது 2.31, ஒப்படைத்தது 4.05. பஞ்ச் பற்றிய பேச்சு வார்த்தை மாறாமல் இருந்தது. என் கை நடுங்கியது அதில் இல்லை. அவருக்கு அப்போது இருபத்து மூன்று வயது, என் மூத்த மகனின் வயது. அதையும் நான் எழுதவில்லை. இரண்டையும் கீழே சேர்த்து, சேர்த்த நாளின் தேதியைப் போட்டேன்.

இப்போது வகுப்புகளில் டிரைவர் நடிப்பது என்னைத்தான். கட்டுத்துணி கையிலிருந்து பறந்துபோகும் அளவுக்கு நடுங்கிக் காட்டுகிறார். அவ்வளவெல்லாம் நடுங்கவில்லை என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன்.

“சாட்சி கீதுண்ணா” என்றார்.