தகரக் கூரை போட்ட படகு

இலங்கை மலையகத்தில், டிக்கோயாவில் எங்கள் வீட்டு அடுப்புக்கு மேல் பலகையில் ஒரு அரைகுறைப் படகு வருஷக்கணக்காகக் கிடந்தது. கல்யாணமான புதிதில், பழைய தேயிலைப் பெட்டியை அறுத்து நான் தொடங்கியது. முழங்கை நீளம் இருக்கும். அடிப்பாகம் முடிந்ததும் வேலை நின்றுவிட்டது. என் மனைவி அதில் வெங்காயம் போட்டு வைத்தாள். வருகிறவர்கள் கேட்டால், "அது வெங்காயப் பெட்டிங்க" என்பாள். எனக்குச் சுருக்கென்று இருக்கும். என் புருஷன் செய்த படகு என்று ஒரு தடவையாவது அவள் சொல்லிவிட மாட்டாளா என்று ஏங்கியிருக்கிறேன்.

போன மழைக்காலத்தில் வீட்டோடு முடங்கிக் கிடந்தபோது வெங்காயத்தைக் கொட்டிவிட்டுப் படகை எடுத்தேன். "ஆரம்பிக்க மட்டுந்தான் ஒங்களுக்குத் தெரியும்" என்றாள். ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. உப்புத்தாள் தேய்த்து, இடுக்குகளைப் பிசினால் அடைத்து, நீலப் பெயின்ட் அடித்தேன். நடுவில் ஒரு அறை கட்டி, பிஸ்கட் டின்னை வெட்டித் தகரக் கூரையும் போட்டேன். பெய்யும் மழைக்குக் கோழிக் கூட்டுக்கே கூரை வேண்டிய ஊர் இது. தேயிலைத் தோட்டத்துத் துரை பங்களா மாதிரி ஒரு புகைபோக்கியும் வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் நீர்த்தேக்கத்துக்குப் போனோம். கரையில் சிங்கள மீனவர் ஒருவர் தோணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். நூலைக் கட்டிப் படகைத் தண்ணீரில் விட்டேன். விட்ட வேகத்தில் தலைகுப்புறக் கவிழ்ந்தது.

"ஏங்க, அந்தக் கூரை எதுக்கு?"

"மழை பெஞ்சா உள்ள நனையாதா?"

"தண்ணியில விடத்தானே கொண்டாந்தீங்க!"

சிரிப்புத் தாங்காமல் அவள் புல்லில் உட்கார்ந்துவிட்டாள். முதலில் கோபம்தான் வந்தது. பிறகு நானும் சிரித்தேன். நூலை இழுத்துப் படகை எடுத்து, மேல்பாரமாக இருந்த கூரையைப் புகைபோக்கியோடு பிய்த்து எறிந்துவிட்டு மறுபடி விட்டேன். இந்தத் தடவை படகு லேசாக ஆடியது, நிமிர்ந்தது, காற்று தள்ளிய பக்கம் நேராகப் போனது.

மீனவர் வலையைக் கீழே வைத்துவிட்டு, யார் செய்தது என்று சிங்களத்தில் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் எழுந்து நின்றாள்.

"அப்பே மஹத்தயா" என்றாள். எங்க வீட்டுக்காரர் என்று அர்த்தம். அதோடு விடவில்லை. "முழுசாத் தன் கையாலயே செஞ்சாரு" என்று தமிழிலும் சேர்த்துச் சொன்னாள்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. நூல் கையை விட்டுப் போனதுகூடத் தெரியவில்லை. அந்த மனிதர்தான் தோணியைத் தள்ளிக்கொண்டு போய்ப் படகைப் பிடித்து வந்தார்.