என்னைத் தெரிந்தவர் இரண்டு பேர்

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு நாள். ஆலங்குடி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு டைப்பிங் கடையில், மூன்று வயது மகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். புதுக்கோட்டையில் ஒரு தனியார் மருத்துவமனைக்கு விண்ணப்பிக்க எனக்கு ஒரு பயோடேட்டா வேண்டியிருந்தது.

அதற்கு முன் ராணுவத்தில் இருந்தேன். வடக்கே ராணுவ மருத்துவமனைகளில் அதிகாரி அந்தஸ்துள்ள நர்ஸ். மகள் பிறந்ததும், பணிக்காலத்தை நீட்டிக்கக் கேட்காமல் விடுபட்டு வந்துவிட்டேன். கணவர் சிங்கப்பூரில் இருக்கிறார். மாமனார் வீட்டில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் இங்கே நான் இன்னார் வீட்டு மருமகள், பாப்பாவின் அம்மா. அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

கடைசியாக வகித்த பதவி கேப்டன் என்றேன். டைப் செய்தவர் கையை நிறுத்திவிட்டு, "எந்த டீமுக்குக்கா?" என்றார். நானும் சிரித்துவிட்டேன். ஆனால் அந்த வார்த்தையை வைப்பதா, எடுப்பதா, பெருமை பேசுவதாக நினைப்பார்களோ என்று அப்புறம் வெகுநேரம் குழம்பினேன்.

பயோடேட்டாவின் கடைசிப் பகுதியில்தான் மாட்டிக்கொண்டேன். உறவினர் அல்லாத, என்னை நன்றாகத் தெரிந்த இரண்டு பேரின் பெயரும் போன் நம்பரும் தர வேண்டும். அதில் ஒருவர் இந்த ஊர்ப் பக்கத்துக்காரராக இருக்க வேண்டும் என்று மருத்துவமனையில் கேட்டிருந்தார்கள்.

ஒன்று, ராணுவ மருத்துவமனையில் எங்கள் தலைமை நர்ஸாக இருந்த மேட்ரன். மலைப்பகுதி ஒன்றுக்கு மாற்றலாகிப் போயிருந்தார். செய்தி அனுப்பினேன், பதில் இல்லை. மறுபடி அனுப்பினால் தொந்தரவாக நினைப்பாரோ என்று விட்டுவிட்டேன். இரண்டாவது இடத்துக்கு ஆளே இல்லை. கணவரிடம் போனில் சொன்னால், "யாரு பேரையாச்சும் போடு. யாரு கூப்பிட்டுக் கேக்கப் போறா" என்றார். எனக்கு அப்படிப் போட மனம் வரவில்லை. இத்தனை நாள் ஓர் ஊரில் இருந்தும், என்னைத் தெரியும் என்று சொல்ல ஒருவர் இல்லையே என்பதுதான் உறுத்தியது.

மிச்சம் இருந்தது, மகள் போகும் அங்கன்வாடியின் டீச்சர். அவரிடம் கேட்கத் தயக்கம். ராணுவ மருத்துவமனையில் வார்டுக்குள் நுழைந்ததும் ஒவ்வொரு கட்டிலாகப் பார்த்தபடிதான் போவோம். அந்தப் பழக்கத்தில், அங்கன்வாடியிலும் மகளை உட்கார வைத்துவிட்டு மற்றப் பிள்ளைகளையும் ஒரு சுற்றுப் பார்ப்பேன். ஒருத்தியின் நெற்றியைத் தொடுவேன், ஒருவன் கண் சிவந்திருக்கிறதா என்று குனிந்து பார்ப்பேன். ஒரு நாள் டீச்சர், "என்னங்க, தெனமும் இன்ஸ்பெக்சனா?" என்று கேட்டுவிட்டார். கூசிப்போனேன். அதன்பின் உள்ளே போவதை நிறுத்திவிட்டேன். மகளை வாசலில் விட்டு, ஜன்னல் வழியாக ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்புவேன். உள்ளே டீச்சர் ஆயாவிடம் உரத்த குரலில் ஏதாவது சொல்லிக்கொண்டிருப்பார். என்மேல் உள்ள எரிச்சல் என்று நினைத்துக்கொள்வேன்.

வேறு வழியில்லாமல் அவரிடமே கேட்டேன்.

"எம்பேரா? என் நம்பருக்கு லோன் வேணுமான்னு கேக்குறவன்தான் கூப்பிடுவான். போடுங்க, போடுங்க. இங்கிலீசுல கேட்டாங்கன்னா வச்சுருவேன், ஆமா."

விளையாட்டாகச் சொன்னாரா, சலித்துக்கொண்டாரா என்று வீடு வரும்வரை யோசித்தேன்.

நேர்காணலில் நர்சிங் சூப்பிரண்டு என் சான்றிதழ்களை நிதானமாகப் பார்த்தார். "படிப்பு, சர்வீஸ் எல்லாம் சரிம்மா. ஆனா அதிகாரியா இருந்தவங்க நீங்க. எங்க நர்ஸ் பிள்ளைங்களோட ஒத்துப்போவீங்களா? அதைப் பேப்பரு சொல்லாதுல்ல" என்று சொல்லி, என் எதிரிலேயே போனை ஸ்பீக்கரில் போட்டார்.

மேட்ரனின் நம்பரில் இந்தியில் ஒரு பதிவுக்குரல் வந்தது. அந்த அறையில் அது புரிந்தது எனக்கு மட்டும்தான். "என்ன சொல்லுது?" என்று கேட்டார். "தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்காங்களாம் மேடம்" என்றேன். சொல்லும்போது, நான் செய்த வேலை முழுவதும் அப்படி எங்கேயோ வெளியே போய்விட்டதுபோல் இருந்தது.

அடுத்த நம்பரில் முதலில் கேட்டது பிள்ளைகளின் கூச்சல்தான்.

"யாருங்க? சத்தமாப் பேசுங்க, இங்கிட்டு ஒரே கூத்தா இருக்கு!"

சூப்பிரண்டு விவரம் சொல்லிக் கேட்டார். நான் கேட்டுக்கொண்டிருப்பது டீச்சருக்குத் தெரியாது.

"மிலிட்டரில என்ன வேலை பாத்துச்சுன்னு எனக்குத் தெரியாதுங்க. எம்புள்ளைகளத் தெனமும் ஒரு சுத்துப் பாத்துட்டுத்தான் போவும். ஒருக்க நாந்தான் வெளையாட்டா ஒரு வார்த்தை சொல்லிட்டேன். அதுலேர்ந்து உள்ள வர்றதில்ல. ஜன்னல்கிட்ட நின்னு எண்ணிட்டுப் போவுது. நான் பாக்கலன்னு நெனப்பு. ஒரு புள்ள வரலன்னாப் போதும், நகராது. நானா ஆயாகிட்ட சொல்ற மாதிரி, 'அவ மாமா வீட்டுக்குப் போயிருக்கா'ன்னு சத்தமாச் சொல்லுவேன். அப்பறந்தான் போவும். உள்ள கூப்பிடணும்னுதான் இருக்கேன், கோவமோ என்னமோன்னு விட்டுட்டேன்." மூச்சு வாங்கிக்கொண்டு தொடர்ந்தார். "வேலையக் குடுங்க மேடம். ஆனா வெள்ளனக் கெளம்புற டூட்டி போட்டுறாதீங்க, அந்தப் பாப்பா அம்மா விட வந்தாத்தான் அழுவாது."

போனை வைத்த பிறகு சூப்பிரண்டு என் முகத்தைப் பார்க்கவில்லை. தண்ணீர் பாட்டிலை மட்டும் என் பக்கம் நகர்த்தினார். அந்த வேலை எனக்குக் கிடைத்தது.

மறுநாள் காலை அங்கன்வாடி வாசலில் வழக்கம்போல் நின்றேன். டீச்சர் போன் வந்த கதையைப் பேசவே இல்லை. "உள்ளதான் வாங்களேன், ஒருத்திக்கு மேலு சுடுது" என்றார். செருப்பைக் கழற்றிவிட்டுப் போனேன்.

மேட்ரனிடமிருந்து இன்றுவரை பதில் இல்லை. வீட்டிலும் வார்டிலும் ஆட்கள் நடுவே இருந்தும் தனியாக நிற்பதுபோல் இன்னும் பல நாள் தோன்றுகிறது. அப்போதெல்லாம், எனக்குக் கேட்கட்டும் என்றே யாராவது எங்கேயாவது சத்தமாகப் பேசிக்கொண்டிருக்கிறார்களோ என்று ஒரு நிமிடம் காது கொடுத்துப் பார்க்கிறேன்.