அழைப்பவர் இடத்தில் ஒரு பெயர்

கல்யாணப் பத்திரிகை அடிக்கிறவர்களுக்கு ஊரில் உள்ள அத்தனை சித்தப்பாக்களின் கோபமும் சொந்தம். ஒரு பெயர் விட்டுப்போனால் வீட்டாரை யாரும் திட்ட மாட்டார்கள், கடைக்காரியைத்தான் திட்டுவார்கள். வீட்டில் ஒரு விசேஷம் வைத்து, பெயர் வரிசை எழுதி, அதைக் கிழித்துப் போட்டு மறுபடி எழுதியவர்கள் யாராவது இதைப் படித்தால் என் பாடு புரியும். நீங்கள் ஒரு தடவை பட்டதை நான் ரெட்டியார்பாளையத்தில் இருபத்திரண்டு வருஷமாகத் தினமும் படுகிறேன்.

முதல் பதின்மூன்று வருஷம் என் வீட்டுக்காரரும் நானும் சேர்ந்து கடையை நடத்தினோம். அவர் காலமான பிறகு நான் மட்டும். 'செல்வியக்காவுக்கு வாய் கொஞ்சம் நீளம்' என்று வாடிக்கையாளர்கள் சொல்வார்கள். அடுத்தவர் வீட்டுப் பத்திரிகையில் அந்த வாய் நன்றாகவே வேலை செய்தது. என் மகள் நிலாவின் பத்திரிகை வந்தபோது அது எங்கே போய் ஒளிந்துகொண்டது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான்கு மாமாக்கள்

உழவர்கரையிலிருந்து ஒரு பெண் பத்திரிகையில் வரவேண்டிய மேட்டரை போனிலேயே டைப் செய்து கொண்டுவந்தாள். கூட வேலை பார்க்கும் பையனைக் கட்டிக்கொள்கிறாள். இரண்டு வருஷம் பீச் ரோட்டில் நடந்து நடந்து பேசி முடிவு செய்தார்களாம். அதையும் அவளே சொன்னாள், கூச்சமெல்லாம் இல்லை. முதல் வரியே 'எங்கள் திருமணத்துக்கு உங்களை நாங்கள் அழைக்கிறோம்' என்று இருந்தது. கீழே மணமக்கள் பெயர் இரண்டு. பெற்றோர் பெயர் அதற்கும் கீழே, ஆசியுடன் என்று. மாமா, சித்தப்பா, 'எங்க அத்தை கல்யாணத்துக்கு மறக்காம வந்துடுங்க' என்று கூப்பிடும் வாண்டுகள், ஒருவரும் இல்லை.

அச்சுக்கு முன்னால் புரூஃப் பார்க்கிற அன்று தாய்மாமன்கள் நான்கு பேர் ஒரே ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். கடையில் இருப்பது இரண்டு நாற்காலி. நின்றுகொண்டே ஆளுக்கு ஒரு தடவை படித்தார்கள். மூத்தவர் மட்டும் கண்ணாடியை ஏற்றி இறக்கி இரண்டு தடவை படித்துவிட்டு, "பின்பக்கம் எங்கம்மா?" என்று என்னைக் கேட்டார். சொந்தக்காரர் பெயர் வரிசை வரவேண்டிய பின்பக்கத்தில் மண்டபத்துக்கு வழி காட்டும் படம் இருந்தது. அவர் மருமகள் பக்கம் திரும்பி, "அப்ப நாங்கள்லாம் எதுக்கு?" என்றார். நான் மவுஸைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "கூப்பிடுறவங்க வேல செய்யணும் மாமா. நீங்க வந்து உக்காருங்க, பந்தியில மொத எல உங்களுக்குத்தான்."

வாசலில் நின்ற அம்மா

பாகூர் பக்கத்திலிருந்து அண்ணன் தம்பி இருவர் தங்கச்சி கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிக்க வந்தார்கள். விவசாயக் குடும்பம். பெரியவன் மட்டும் டவுனில் ஏசி மெக்கானிக். அவர்களுடைய அம்மா உள்ளே வராமல் வாசலிலேயே நின்றுவிட்டார். மேட்டரைப் பார்த்தேன். அழைப்பவர் இடத்தில் சித்தப்பா பெயர். "அம்மா பேரு காணமே?" என்றேன். "அப்பா இல்லல்லக்கா, அதான்" என்றான் சின்னவன்.

கணவன் இல்லாதவள் பெயரில் நல்ல காரியத்துக்கு அழைப்பு விடக்கூடாது என்று யாரும் எங்கேயும் எழுதிவைக்கவில்லை, ஆனாலும் எல்லோரும் கடைப்பிடிக்கிறோம். மணமகள் பெயருக்கு மேலே 'இன்னாரின் மகள்' என்று சின்ன எழுத்தில் வருவதோடு அவள் பங்கு முடிந்தது. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "வரன் பாத்தது யாரு? கழனியில நின்னு உங்க மூணு பேரையும் படிக்க வச்சது யாரு? சித்தப்பாவா?" என்று பிடித்துக்கொண்டேன். இருவரும் தலையைச் சொறிந்தார்கள். கடைசியில் பெரியவன், "போடுங்கக்கா" என்றான்.

அம்மாவின் பெயரை மேலே ஏற்றி, திரையை வாசல் பக்கம் திருப்பிக் காட்டினேன். அவர் அப்போதுதான் உள்ளே வந்தார். எழுத்துக் கூட்டி நிதானமாகப் படித்தார். சந்தோஷப்படுவார் என்று நான் பெருமையோடு காத்திருக்க, அவர் என்னைத்தான் ஏற இறங்கப் பார்த்தார்: "உனக்கும் வூட்டுக்காரரு இல்லன்னு சொன்னாங்க, கட்டிக்குடுக்கிற வயசுல பொண்ணு இருக்காமே. அது பத்திரிகையில நீ உன் பேரப் போட்டுக்குவியா?"

அவசரப்படாத ஜோடி

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து அந்த நாட்டுப் பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். அப்படி ஒரு சொல்தா, எழுபது வயசு தாண்டியவர், "போன்ழூர் மதாம்" என்று பிரெஞ்சில் வணக்கம் சொல்லித் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வந்தார். பேத்திக்குக் கல்யாணமோ என்று மாதிரிப் பத்திரிகை ஆல்பத்தை எடுத்து நீட்டினேன். அவர் பின்னால் ஒரு ரிட்டயர்டு நர்ஸ் அம்மா, கல்யாணப்பெண் நான்தான் என்று வந்து உட்கார்ந்தார்.

அவருக்கு மனைவி இல்லை. இந்த அம்மா கல்யாணமே செய்துகொள்ளாதவர். கண் ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு பக்கத்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது பழக்கமாம். பிரான்சில் இருக்கும் அவர் மகள் வீடியோ காலில் வந்து, "அப்பா பேருக்குக் கீழ என் பேரையும் போடுங்க, நானும் கூப்பிடுறேன்" என்றாள். இத்தனை வருஷத்தில் மகள் அப்பா கல்யாணத்துக்கு அழைக்கிற பத்திரிகையை நான் அடித்ததில்லை. "இவ்ளோ சீக்கிரமா முடிவு பண்ணிட்டீங்களேம்மா" என்று வாய் சும்மா இராமல் சீண்டினேன். நர்ஸ் அம்மா கைப்பையை மூடிக்கொண்டே சொன்னார்: "ரெண்டு வருஷம் ஒண்ணா சினிமாவுக்குப் போயி, ஓட்டலுக்குப் போயி, சண்ட போட்டுப் பாத்துட்டுத்தான் வர்றோம். இந்தக் காலத்துப் புள்ளைங்க மாதிரி நாங்க அவசரப்படல."

இரண்டு ஃபைல்

பாகூர் அம்மா கேட்டதற்கு அன்றைக்கு "போடாம?" என்று பெரிதாகச் சொல்லி அனுப்பியிருந்தேன். ஆறு மாசத்தில் அந்தக் கேள்வி கடைக்கே வந்துவிட்டது. ஒரு மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டே நிலா, ஆபீசில் கூட வேலை செய்யும் பிரபுவைப் பிடித்திருக்கிறது என்றாள். முதலியார்பேட்டைக் குடும்பம். மில் மூடி அவன் அப்பாவுக்கு வேலை போனபோது, அம்மா விஜயா தையல் யூனிட்டில் சேர்ந்து இன்று சூப்பர்வைசர். அந்த அம்மாவும் நானும் என் கடையிலேயே டீ குடித்துக்கொண்டு ஒரு சாயங்காலத்தில் சம்பந்தம் பேசி முடித்தோம். எனக்குக் கால் தரையில் இல்லை.

மறுநாள் என் வீட்டுக்காரரின் அண்ணன் வந்தார். நல்ல மனுஷர். எங்களுக்கு ஒரு கஷ்டம் என்றால் முதலில் வந்து நிற்பவர். "பத்திரிகை என் பேர்ல அடிச்சிரு செல்வி. இல்லன்னா நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க" என்றார். நான் "சரி மாமா" என்றேன். ஆமாம், அந்த நீள வாய்தான் சொன்னது. பயம்தான் காரணம், வேறொன்றும் இல்லை. நாளைக்கு அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு தலைவலி வந்தால்கூட என் பெயரைப் போட்டதால்தான் என்பார்களே என்ற பயம். நிலா, "உனக்கு எது சரியோ அப்படிப் போடும்மா" என்று சொல்லிவிட்டு போனில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். பள்ளிக்கூட யூனிஃபார்மில் இந்தக் கடையில் உட்கார்ந்து, நான் ஊருக்கு உபதேசம் செய்ததையெல்லாம் கேட்டு வளர்ந்தவள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

மாமா பெயரில் 'நிலா 1' என்று ஒரு ஃபைல் செய்தேன். பிறகு மனசு கேட்காமல், அழைப்பவர் இடத்தில் என் பெயரைப் போட்டு 'நிலா 2' என்று இன்னொன்று. சும்மா பார்ப்பதற்கு. ஒரு சேலையை வாங்காமல் தோளில் போட்டுப் பார்ப்போமே, அதுபோல. பார்த்தேன், அழகாக இருந்தது. மூடிவிட்டு விஜயாவுக்கு வாட்ஸப்பில் புரூஃப் அனுப்பினேன். அரை மணி கழித்துத்தான் பார்க்கிறேன், போயிருப்பது 'நிலா 2'. இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு வாடிக்கையாளருக்கும் ஃபைல் மாற்றி அனுப்பியதில்லை. தப்பாக வந்துவிட்டது, இதைப் பாருங்கள் என்று ஒன்றாம் ஃபைலை அனுப்பினேன். விஜயா உடனே போன் செய்தார்: "மொத வந்தத எங்க சொந்தக்காரங்க குரூப்ல போட்டுட்டேன் சம்பந்தி, எல்லாம் நல்லாருக்குன்னுட்டாங்க. ரெண்டாவதுல கூப்பிடுறவரு யாரு? நான் டீ குடிச்சு சம்பந்தம் பேசுனது உங்ககிட்டதான்."

தட்டு

ஒன்றாம் ஃபைலை அழித்தேன். ஃபைல் மாறிப்போச்சு என்று மாமாவிடம் சாக்குச் சொல்லலாம்தான். சொல்லக்கூடாது என்று முடிவு செய்தேன். கை தவறிச் செய்ததை இனி தெரிந்தே செய்ய வேண்டும். பத்திரிகை அச்சாகி வந்ததும் மஞ்சள் தடவி, வெற்றிலை பாக்கு பழத்தோடு தட்டில் வைத்தேன். என்னைப் போன்றவர்கள் அந்தத் தட்டை ஏந்துவதில்லை, சுமங்கலி யாரையாவது கூட அழைத்துப் போவதுதான் வழக்கம். நான் நிலாவின் ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்து, தட்டை மடியில் வைத்துக்கொண்டு, முதல் பத்திரிகையை மாமா வீட்டுக்கே கொண்டுபோனேன்.

நானே நீட்டினேன். "எம் பொண்ணு கல்யாணம் மாமா. நான் கூப்பிடுறேன், நீங்க வரணும்" என்றேன். அவர் தட்டை உடனே வாங்கவில்லை. பத்திரிகையை மட்டும் எடுத்து, ஜன்னல் பக்கம் போய், ஒரு வரி விடாமல் படித்தார். பெரியப்பா என்று அவர் பெயர் உறவினர் வரிசையில் முதலாவதாக இருந்தது. அதையும் பார்த்தார். நிலா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு அவர் திரும்பி வந்து இரண்டு கையாலும் தட்டை வாங்கிக்கொண்டார். முகத்தில் சிரிப்பு இல்லை, குரலில் மட்டும் ஏதோ இளகியிருந்தது: "கூப்பிட்டவ நீ. அப்ப மண்டபத்து வாசல்ல நின்னு எல்லாரையும் வாங்கன்னு சொல்லவேண்டியதும் நீதான். உள்ள போயி மூலையில உக்காந்துக்காத."

முகூர்த்தத்தன்று விடியலிலிருந்து வாசலில் நின்று "வாங்க, வாங்க" என்று சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டி, மூன்று நாள் கடையில் வாடிக்கையாளர்களிடம் சைகையிலேயே பேசினேன் என்பதைத் தவிர, என் பெயரைப் போட்டதால் இன்றுவரை எந்தக் கெடுதலும் நடக்கவில்லை.