இளநீர் கேட்காத புகையிலை

கண்ணாடிக் குழாயில் செடித் திசு வளர்ப்பவன் பாதி நாள் பூஞ்சைக்குத்தான் சோறு போடுகிறான். கிருமி போக அவித்து இறக்கிய குழாய்களையும் பூஞ்சைக்குப் பறிகொடுத்த சக ஆய்வாளர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

கை கால் இல்லாத பிள்ளை

அறுபதுகளின் கடைசியில் ராயபுரத்தில் ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் இருந்தேன். புகையிலைத் தண்டைச் சீவி ஊட்டக்கூழில் வைத்தால், இலையும் வேரும் இல்லாத வெளிறிய கட்டியாகத் திரளும். கூழில் இளநீர் சேர்த்தால்தான் வளரும். செல்களைப் பெருக்கும் ஹார்மோன் அதில் இருக்கிறது. இளநீர் வாங்கி வடிகட்டுவது உதவியாளர் அந்தோணியின் வேலை. பக்கத்திலிருக்கும் கல்மண்டபம் பகுதிக்காரர். ஒருநாள் குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவர் சொன்னார்:

"இன்னா சார், கையும் இல்ல, காலும் இல்ல, எளநி மட்டும் கேக்குது. என் மச்சான் மாரியே கீது."

வெறும் தண்ணீர்

அந்த மாசி மாதம் அந்தோணியின் மனைவி மேரிக்கு மஞ்சள் காமாலை. கண்ணெல்லாம் மஞ்சள், எழுந்து உட்காரத் தெம்பில்லை. பிழைப்பாளா என்று ஆஸ்பத்திரியிலேயே உறுதி சொல்லவில்லை. அந்தோணி சிரிப்பதை நிறுத்தியிருந்தார்.

ஒரு மாதம் கழித்துப் புதிய குழாய்களைப் பார்த்தேன். கட்டிகள் கொழுகொழுவென்று இருந்தன. கூழ் நன்றாக அமைந்ததென்று பாராட்டினேன். அந்தோணியின் முகம் வெளுத்தது.

"அதுல எளநியே இல்ல சார், வெறும் தண்ணி. மேரிக்கு வேற எதுவும் எறங்கல, அத்தினியும் வூட்டுக்கு எத்துகினு பூட்டேன். வேலைய உட்டுத் தூக்கிடாதீங்க சார்."

ஒப்பீடு

நான் எளிதில் நம்புகிறவன் அல்ல. பழைய இளநீர் திசுவில் ஒட்டியிருக்கலாம் என்று மேலும் மூன்று முறை இளநீரில்லாமலே மாற்றி வைத்தேன். ஒவ்வொரு முறையும் வளர்ந்தது. பாக்டீரியா தொற்றிக் கிளம்பும் செடிக்கட்டி அப்படி வளரும் என்பது தெரிந்ததுதான். இங்கே எந்தக் கிருமியும் இல்லை. திசு தனக்கு வேண்டிய ஹார்மோனைத் தானே தயாரிக்கப் பழகிவிட்டது.

ஒப்பீட்டுக்கு இளநீர்க் குழாய்களும் வேண்டுமென்று பேராசிரியருக்கு எழுதிக்கொடுத்தேன். அது உண்மை. ஒப்பீட்டுக்கு அவ்வளவு காய்கள் எதற்கு என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மிஞ்சிய காய்கள் அந்தோணியின் பையில் வீட்டுக்குப் போயின.

ஆடியில் மேரி ஆய்வுக்கூடத்துக்குத் தானே நடந்து வந்தாள். கழுத்தெலும்பு தெரிந்தது; கண் வெள்ளையாக இருந்தது. குழாயை இரண்டு கையாலும் வாங்கி, உள்ளே இருந்ததைப் பார்த்துப் பேசினாள்:

"ஐய, நான் குட்ச்சிட்டேன்னு நீ பட்டினியா கெடந்தியா? கோச்சுக்காத கண்ணு."

என் ஆய்வேட்டின் நன்றியுரையில் முதல் பெயராக மேரியை எழுதினேன். அந்த அம்மையார் எந்தப் பல்கலைக்கழகம் என்று பேராசிரியர் கேட்டபோது, கல்மண்டபம் என்று சொல்லிவிட்டேன்.