மூளை வரை ஏறிய மேகநோய்

என் கணவருக்கு வந்த நோயின் முதல் அறிகுறி என் மேல்தான் விழுந்தது. குழம்பில் உப்பில்லை என்று என் முடியைப் பிடித்து, தலையைக் கதவு நிலையில் மோதினார். புருவம் கிழிந்து கண்ணில் ரத்தம் இறங்கியது. பதின்மூன்று வருடத்தில் கை நீட்டியே அறியாதவர்.

திருத்துறைப்பூண்டிப் பக்கம் அறுப்பு மெஷின் ஓட்டுகிறவர். அடுத்த மாதங்களில் பேச்சு குழறியது. வருடா வருடம் அறுத்த வயலுக்கே வழி மறந்தார். குடி என்றார்கள், அவர் குடிப்பதில்லை. ஒரு நாள் அரிவாளோடு என்னைத் தெருவில் துரத்தினார். என் தம்பி அவரைக் கயிற்றால் கட்டித்தான் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தான்.

டாக்டரம்மா கண்ணில் டார்ச் அடித்தார். “வெளிச்சத்துக்குக் கண்மணி சுருங்கலை. விரலைக் கிட்ட கொண்டுபோனா மட்டும் சுருங்குது. இவருக்கு முன்ன எப்பவாவது பிறப்புறுப்புல புண்ணு வந்துச்சாம்மா?”

வந்தது. கல்யாணமான வருடம், ஆந்திராவில் அறுப்பு முடித்துத் திரும்பியபோது. வலிக்கவில்லை, தானாக ஆறியது. பிறகு உள்ளங்கை, உள்ளங்காலெல்லாம் செந்தடிப்பு. பூச்சிமருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தோம். அதுவும் மறைந்தது.

ரத்தத்திலும் தண்டுவட நீரிலும் (முதுகில் ஊசி போட்டு எடுப்பது) சிபிலிஸ் (மேகநோய்) உறுதியானது.

“புண்ணு முதல் கட்டம், தடிப்பு ரெண்டாவது. அப்புறம் வருஷக்கணக்கா சத்தமில்லாம இருக்கும். இப்ப மூளைக்குப் போயிருச்சு. நீங்களும் ரத்தம் குடுங்க.”

எனக்கும் இருந்தது. ஆறாம் மாதத்தில் இறந்தே பிறந்த என் பெண்ணைப் பற்றிக் கேட்டேன்.

“இதனாலயும் இருக்கலாம்மா.”

நேராக வார்டுக்குப் போனேன். கட்டிலில் கட்டுண்டு கிடந்தவரை அறைந்தேன். நர்ஸ் வந்து இழுக்கும்வரை நிறுத்தவில்லை. அவர் உதடு கிழிந்திருந்தது.

பதினான்கு நாள், நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை அவருக்கு நரம்பில் பென்சிலின் ஏறியது. எனக்கு வாரம் ஒன்றாக மூன்று ஊசி. இதைப் படிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன்: வலிக்காத புண்ணையும் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். கர்ப்பமானால் இந்த ரத்தச் சோதனையைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.

கிருமி போய்விட்டது. வெறியும் அடங்கியது. அழிந்த நினைவுகள் திரும்பாது என்றார்கள். இப்போதும் அவர் ஃபேன் போடக் கை தூக்கினால் என் தலை தானாகக் குனிகிறது.

அதைப் பார்த்து ஒரு நாள் கேட்டார். “நான் ஒன்னை அடிச்சேனா?”

“அடிச்சீங்க. நானும் ஒங்கள அடிச்சேன்.”

“எதுக்கு?”

“பாப்பாவுக்காக.”

“எந்தப் பாப்பா?”

இருந்திருந்தால் இந்த ஜூனில் ஆறாம் வகுப்புக்குப் போயிருப்பாள். அவள் வயதை இனி நான் ஒருத்திதான் எண்ண வேண்டும்.